பங்காளித் தீட்டு

நீதிபதி இருக்கமாட்டாராம். எதிர்த்தரப்பு வக்கீல் இருக்கமாட்டாராம். நான் பிடித்து வைத்திருக்கிற வக்கீல்கூட உள்ளே வரக்கூடாதாம், இங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து பெப்பர்மிண்ட் சப்பிக்கொண்டிருப்பானாம். அப்புறம் நீ எதற்கப்பா என்று கேட்டால், சந்தேகம் வந்தால் எழுந்து வெளியே வந்து என்னிடம் கேட்டுவிட்டு மறுபடி உள்ளே போகலாம் மேடம் என்கிறான் கெவின். நல்ல ஏற்பாடு. பரீட்சை ஹாலில் இருந்து எழுந்து வந்து வாத்தியாரைக் கேட்டுக்கொண்டு போகிற மாதிரி. கிராண்ட் ஜூரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கேட்டால் ஏதோ பட்டாபிஷேகம் என்று தோன்றும். உள்ளே இருப்பது தெருவில் போகிற இருபத்து மூன்று பேர். லாரி ஓட்டுகிறவன், பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கிறவள், வேலையில் இருந்து ஓய்வு பெற்று நாய் வளர்க்கிறவர். அவர்கள் யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லப்போவதில்லை, வழக்குப் போடலாமா வேண்டாமா என்று கை தூக்கப்போகிறார்கள், அவ்வளவுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், ஊகம் வேண்டாம், கேட்டதற்கு மட்டும் பதில், நீட்டாதீர்கள் என்று கெவின் நேற்று எனக்குப் பாடம் எடுத்தான். நீட்டாதே என்று என்னிடம் சொல்லித் தோற்றவர்களில் இவன் கடைசி ஆள். முதல் ஆள் கீழே காரில் இருக்கிறார், என் வீட்டுக்காரர் சபாநாயகம், பார்க்கிங் கிடைக்காமல் கோர்ட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறார். கோயிலைச் சுற்றியிருந்தாலாவது புண்ணியம். முப்பது வருஷம் இந்த நியூ ஜெர்சியில் ஆஸ்பத்திரி லேபில் ஊரார் ரத்தத்தையும் மூத்திரத்தையும் கண்ணாடியில் வைத்துப் பார்த்தவள் நான். ஆட்களைப் பார்த்து அசந்துபோகிற வியாதி எனக்கு எப்போதோ விட்டுவிட்டது. ஆனாலும் உள்ளங்கை வியர்க்கிறது. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொள்கிறேன். சுடிதாரில் வந்திருக்கலாம். பட்டு வேண்டாம், காட்டன் கட்டிக்கொள் என்றார் இவர், பட்டுக் கட்டினால் கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்குமாம்.

எதிர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் சிதம்பரநாதன். எங்கள் முருகன் கோயில் கமிட்டித் தலைவர். அவருக்கும் சம்மன். என்னைப் பார்த்ததும் சுவரில் மாட்டியிருக்கிற கொடியைப் பார்க்க ஆரம்பித்தவர் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. நெற்றியில் விபூதி, கழுத்தில் டை. இந்தக் கோயிலை ஒரு பழைய மரச்சாமான் கடையை வாங்கித்தான் கட்டினோம், கட்டின நாளாக இவர்தான் தலைவர், வேறு யாராவது வரட்டும் என்று வருஷா வருஷம் அவரே சொல்லுவார், வருஷா வருஷம் அவரே வருவார். போன வருஷம் கும்பாபிஷேகம். கையில் காப்புக் கட்டிக்கொண்டு, தலையில் கும்பத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவர் டாக்டர் தியாகேசன், பெரிய இதய டாக்டர், கோயிலுக்குப் பெரிய கை. அந்தத் தியாகேசன் மேல்தான் இப்போது வழக்குப் போடலாமா என்று உள்ளே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து வடிவு என்று ஒரு பெண்பிள்ளையை அழைத்து வந்து, பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டு, சம்பளம் என்ற பேச்சே இல்லாமல் மூன்று வருஷம் சமைக்க வைத்தார்கள் என்பது சர்க்கார் கட்சி. வேலைக்காரி இல்லை, எங்கள் அத்தை, என் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை, குடும்பத்தோடு இருக்க வந்தவள், சொந்த வீட்டில் சமைப்பது குற்றமா என்பது தியாகேசன் கட்சி. விசாவுக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். வடிவு ஒரு நாள் காலையில் பனியில் வீட்டுச் செருப்போடு கிளம்பிப்போய் பஸ் நிற்கிற இடத்தில் நின்றாள். எந்த பஸ் எங்கே போகும் என்று தெரியாது, கையில் சில்லறை கிடையாது. பஸ் டிரைவர் அவள் காலைப் பார்த்துவிட்டு போலீஸுக்குப் போன் செய்தான். இப்போது ஏதோ ஒரு விடுதியில் வைத்திருக்கிறார்கள். அத்தைதான் என்று உள்ளே இருக்கிறவர்கள் நம்பிவிட்டால் வழக்கு இல்லை, வடிவு பொய் சொன்னவள், தியாகேசன் வீட்டுக் கார் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும். கெவின் இதை பெப்பர்மிண்டை ஒரு கன்னத்தில் இருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டே சொன்னான்.

அத்தையாம். எங்களுக்கெல்லாம் அப்படித்தான் அறிமுகம் செய்தார்கள். எங்க அத்தை, கைமணம் பாருங்க என்று சுகந்தி பெருமைப்பட்டுக்கொள்வாள், சுகந்தி என்றால் தியாகேசன் மனைவி, பல்லெல்லாம் வெளுப்பு வாங்கி வைத்திருக்கிறவள். நாங்களும் அத்தை, வத்தக்குழம்பு பிரமாதம், அத்தை, இன்னும் கொஞ்சம் ரசம் என்போம். அத்தை உட்கார்ந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அத்தை முட்டிவலியால் நிற்பதே வசதி என்பாள் சுகந்தி. வந்தவர்கள் தலையாட்டுவார்கள். சாப்பிட வந்த வீட்டில் தலையாட்டாமல் வேறென்ன செய்வது, வாயில் சோறு இருக்கும்போது கழுத்து தானாக ஆடும். எஞ்சினியர்கள், டாக்டர்கள், பேராசிரியர்கள், ஒருத்தருக்கும் கண் கிடையாது. இருந்தது எல்லாம் நாக்கு. இப்போது இந்த வெயிட்டிங் ரூமில் ஏசி கழுத்தில் அடிக்கிறது, வெண்டிங் மிஷின் உறுமுகிறது, எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையின் எண்ணெய் வாசனை வருகிறது. கும்பாபிஷேகத்துக்கு முந்தின ஞாயிறு. கமிட்டிக்கு முழுக்கத் தியாகேசன் வீட்டில் விருந்து. நான் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். வடிவு வடைமாவில் கை வைத்தபடி சும்மா நின்றுகொண்டிருந்தாள். எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. என்னம்மா, எண்ணெய் காயுது பாருங்க என்றேன். திரும்பினாள். "எங்க அண்ணன் போய்ச் சேந்துட்டாவம்மா. காலைல போன் வந்துச்சு. மூத்த அண்ணன், என்னைய வளத்தவுக" என்றாள். அழவில்லை. மாவுக் கையை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள். "தலைக்கு ஒரு சொம்புத் தண்ணி ஊத்திக்கிடலாமான்னு அந்தம்மாட்ட கேட்டுச் சொல்லுங்களேன். நான் கேட்டேன், அப்புறம்னுட்டாக. நீங்க கேட்டா விடுவாக." நான் கேட்டேன். வெளியே போய் சுகந்தியின் காதோடு கேட்டேன். சுகந்தி சிரித்த முகம் மாறாமல், "வந்தவங்க போகட்டுங்கா. இப்ப அவ குளிக்கப் போனா வடை யாரு போடுறது" என்றாள். எதிரே நின்றவரிடம் பாயசம் எடுத்துக்கோங்க என்று அதே மூச்சில் சொன்னாள். பாயசம் அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது.

இப்போது யாராவது நம்மவர்களிடம் இதைச் சொன்னால் போதும், பாதி கேட்கும்போதே புரிந்துவிடும். வடிவு தியாகேசனின் அப்பாவோடு பிறந்தவள் என்றால் வடிவின் மூத்த அண்ணன் தியாகேசனுக்குப் பெரியப்பா. பெரியப்பா செத்தால் பங்காளித் தீட்டு. பதினாறு நாள் விளக்கேற்றக்கூடாது, கோயில் படி மிதிக்கக்கூடாது, நல்ல காரியத்துக்குப் போய் நிற்கக்கூடாது. செய்தி வந்தது ஞாயிறு. காப்புக் கட்டினது புதன். வெள்ளிக்கிழமை கும்பத்தைத் தலையில் தூக்கிவிட்டான் மகாபாவி. எவ்வளவு ஆசாரம் பார்க்கிற மனுஷன், என் நாத்தனார் பிள்ளைத்தாய்ச்சியாகக் கோயிலுக்கு வந்தபோது எத்தனையாவது மாதம் என்று வாசலிலேயே கேட்டவன். அவனுக்கு மறந்துபோயிற்று. அத்தை என்று சொன்னதை அவன் ஒரு நாளும் நம்பினதில்லை, அதனால் அத்தையின் அண்ணன் செத்தால் தனக்கு என்ன ஆகும் என்று யோசிக்க அவனுக்குத் தோன்றவே இல்லை. பொய் சொல்கிறவன் பொய்க்குச் சாவு வரும், தீட்டு வரும், எல்லாம் வரும் என்று கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டாமா. இதுதான் சாட்சி. இதைவிடக் கெட்டியான சாட்சி கிடையாது. ஆனால் இதை உள்ளே இருக்கிற இருபத்து மூன்று பேருக்கு எந்தப் பாஷையில் சொல்வது. வேண்டுமானால் தமிழுக்கு ஆள் போடுகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன், எனக்கு இங்கிலீஷ் வரும், தீட்டுக்குத்தான் இங்கிலீஷ் வராது. காலையில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். எங்கள் வழக்கத்தில், ஆண்வழி உறவில் ஒருவர் இறந்தால், அந்தக் குடும்பம் சில நாட்களுக்கு அசுத்தம். அசுத்தம் என்றதும் எனக்கே கேவலமாக இருந்தது. செத்தவரைத் தொட்டீர்களா, ஏதாவது தொற்று நோயா என்று கேட்பான் லாரி ஓட்டுகிறவன். இல்லை ஐயா, செத்தவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார், தீட்டு போன் வழியாக வந்தது என்று சொல்ல வேண்டும். இவர்களுக்குத் துக்கம் என்றால் கறுப்புக் கோட்டுப் போட்டு, சீஸ் வைத்த சாண்ட்விச் தின்றுவிட்டு, மறுநாள் ஆபீஸ். பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒரே வார்த்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற ஜனங்களிடம் பங்காளி என்றால் யார் என்று நான் எங்கே தொடங்குவேன். கெவினிடம் விளக்கிப் பார்த்தேன். அருமையான கலாசாரம் மேடம் என்றான். அவன் தலையில் இடி விழ.

கதவு திறக்கிறது. சிதம்பரநாதன் பெயரைக் கடித்துக் குதறிக் கூப்பிடுகிறாள் ஒரு பெண். அவர் எழுந்து டையைச் சரி செய்துகொண்டு, முருகா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போகிறார். கதவு மூடுகிறது. கனத்த கதவு, ஒரு சத்தமும் வெளியே வருவதில்லை. போன வாரம் போன் செய்தாரே இந்த மனுஷர். "அம்மா மரகதம், நம்ம வீட்டு விஷயம் வெள்ளைக்காரன் வரைக்கும் போகணுமா? அத்தைன்னுதான் எங்களுக்குத் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருவோம். பொய்யும் இல்ல பாருங்க, அப்படித்தானே நமக்குச் சொன்னாங்க" என்றார். சரி சார் என்றேன். அத்தை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் கும்பாபிஷேகத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை செத்தது அவருடைய பெரியப்பா. நம் டாக்டர் பங்காளித் தீட்டோடு காப்புக் கட்டி, தீட்டோடு கும்பத்தைத் தூக்கி, நீங்களும் நானும் அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டோம். கோபுரம் முழுக்கத் தீட்டு. மறுபடி முதலில் இருந்து யாகசாலை போடணும், சிவாச்சாரியாரை எப்போ கூப்பிடப்போறீங்க என்றேன். காப்புக் கட்டின பிறகு தீட்டுக் கிடையாதேம்மா என்றார் மெல்ல. காப்பு புதன், சாவு ஞாயிறு என்றேன். போனை வைத்துவிட்டார். அன்றில் இருந்து பேச்சு இல்லை. ஒரு பெண்பிள்ளையை மூன்று வருஷம் பூட்டி வைத்திருந்தார்கள் என்றபோது இந்த மனுஷருக்கு ஒரு நடுக்கமும் வரவில்லை. கும்பம் தீட்டாகிவிட்டது என்றதும் மூச்சு நின்றது. இப்படிப்பட்டவரைத்தான் நாங்கள் வருஷா வருஷம் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கிறோம்.

சுகந்தியும் வந்தாள், அது முந்தின வாரம். கையில் முறுக்கு டப்பா. வடிவு போனதில் இருந்து கடையில் வாங்குகிறாள் போலிருக்கிறது, எண்ணெய்ச் சிக்கு. "அக்கா, மாமாவுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சது யாரு, நெனச்சுப் பாருங்க. ராத்திரியோட ராத்திரியா ஓடி வந்தாங்களே இவங்க" என்றாள். நினைக்காமல் என்ன. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பச்சை உடையில் வெளியே வந்து, பயப்படாதீங்க அக்கா, குழாயைத் திறந்துட்டோம் என்றார் தியாகேசன். அந்த வார்த்தைக்கு அவர் காலில் விழுந்திருப்பேன். நிஜம். அந்த ஆளும் இந்த ஆளும் ஒரே ஆள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த மாதம் இவருக்கு மறுபடி பரிசோதனை, வேறு டாக்டரைத் தேட வேண்டும், நல்ல டாக்டர் கிடைப்பானா, கிடைக்கும்வரை இந்த நெஞ்சு சும்மா இருக்குமா. பயமாக இருக்கிறது. பயமாக இருக்கிறது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும். போன வாரம் இவரிடமே கேட்டேன், என்னங்க, நான் உள்ளதைச் சொன்னா உங்க நெஞ்சை யார் பார்ப்பா என்று. பேப்பரை மடித்து வைத்தார். "அந்தம்மா வச்ச ரசத்த நானும்தான் மூணு வருஷம் குடிச்சேன். நீ போய்ச் சொல்லு மரகதம். இன்னொருத்தன் பார்ப்பான்" என்றார். பெரிய வீரம்தான். ஆனால் அதைச் சொன்ன நாளில் இருந்து மாத்திரை டப்பாவைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார், நான் கவனிக்கவில்லை என்று நினைப்பு. முறுக்கு டப்பாவை அன்றைக்கே அப்படியே சுகந்தியிடம் திருப்பிக் கொடுத்தேன். சுகந்தி வெளுப்பு வாங்கின பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "யோசிச்சுப் பாருங்கக்கா, அவ நமக்கு யாரு?" என்றாள். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதை உள்ளே வைத்துக்கொண்டேன்.

கதவு திறக்கிறது, சிதம்பரநாதன் வருகிறார். விபூதி வியர்வையில் கரைந்து மூக்குவரை வந்திருக்கிறது. உள்ளே சொன்னதைச் சாட்சி வெளியே சொல்லக்கூடாது என்று சட்டம் இல்லை, கெவின் சொல்லியிருக்கிறான், ஆனால் சொல்லாமல் இருப்பது நல்லதாம். சிதம்பரநாதனுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் பக்கத்தில் வந்து குனிகிறார். "அத்தை இல்லன்னு சொல்லிட்டேம்மா." என்ன சார் ஆச்சு என்கிறேன். "சொந்தமில்லன்னு எனக்கு ஆரம்பத்துலயே தெரியும், வீட்டு வேலைக்கு வந்தவங்கதான்னு டாக்டரே ஒரு தடவை சொல்லியிருக்கார்னு சொல்லிட்டேன். அதுவும் நிஜம்தான். சொந்தமில்லன்னா தீட்டு இல்லல்ல? கும்பாபிஷேகம் செல்லும்ல?" என் முகத்தையே பார்க்கிறார். செல்லும் சார் என்கிறேன். ஒரு பெருமூச்சு விடுகிறார் பாருங்கள், மனுஷர் அப்படியே பூரித்துப்போகிறார், மூக்கில் வழிந்த விபூதியைத் தொட்டு நெற்றியிலேயே இட்டுக்கொள்கிறார். ஆரம்பத்திலேயே தெரியுமாம். தெரிந்துகொண்டே அத்தை, இன்னும் கொஞ்சம் ரசம். எனக்கு இவரை அறைய வேண்டும் போலவும் இருக்கிறது, நன்றி சொல்ல வேண்டும் போலவும் இருக்கிறது. வடிவுக்காக இந்த ஊரில் இருந்து வந்த முதல் உண்மையே ஒரு கும்பத்தைக் காப்பாற்ற வந்திருக்கிறது. காறித் துப்பலாம் என்றால் இங்கே கார்ப்பெட்.

என் பெயர். மாரகாதாம் என்கிறாள். எழுந்திருக்கிறேன், முட்டி சொடக்குகிறது. கெவின் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறான். உள்ளே நான் நினைத்த மாதிரி இல்லை, கல்லூரி வகுப்பு மாதிரி படிப்படியாக ஏறிப் போகிற நாற்காலிகள், ஒருத்தி ஸ்வெட்டர் பின்னுகிறாள், ஒருத்தன் காபி டம்ளரைப் பென்சிலால் தட்டிக்கொண்டிருக்கிறான், கடைசி வரிசையில் ஒரு பெரிய உடம்புக்காரன் தொப்பியைத் தொடையில் வைத்துக்கொண்டு பாதித் தூக்கத்தில் இருக்கிறான். இவர்களுக்கா பங்காளித் தீட்டு. நடுவில் இருக்கிற கிழவர் எழுந்து எனக்குச் சத்தியம் செய்து வைக்கிறார், நீதிபதி இல்லை, அவர்தான் இவர்களுக்குத் தலைவர். சர்க்கார் வக்கீல் இளம்பெண், என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். பெயர், ஊர், வேலை. தியாகேசனை எத்தனை காலமாகத் தெரியும். வடிவை எங்கே பார்த்தீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் என்ன நடந்தது. தொண்டையைச் செருமிக்கொள்கிறேன். காலையில் கண்ணாடி முன்னால் வைத்த பிரசங்கம் எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நிற்கிறது, ஆண்வழி உறவு, பதினாறு நாள், காப்பு, கும்பம். நடந்ததை முதலில் சொல்லிவிட்டு அதற்கு வரலாம் என்று தொடங்குகிறேன். எண்ணெய் புகைந்ததைச் சொன்னேன். அண்ணன் செத்த செய்தி காலையில் வந்ததைச் சொன்னேன். சாவுச் செய்தி வந்தால் தலைக்குக் குளிப்பது எங்கள் வழக்கம், அதற்கு வீட்டுக்காரியிடம் கேட்டுச் சொல்லும்படி என்னிடம் கேட்டாள் என்று சொன்னேன். இனிமேல்தான் பங்காளி. வழக்கத்தை விளக்க வேண்டும் என்றால், என்று ஆரம்பித்தேன். கடைசி வரிசைப் பெரிய உடம்புக்காரன் கையைத் தூக்கினான். தொப்பி கீழே விழுந்தது, அவன் எடுக்கவில்லை. சர்க்கார் வக்கீல் கேளுங்கள் என்று தலையாட்டினாள்.

"குளிக்க அவள் அனுமதி கேட்க வேண்டியிருந்ததா?" என்றான்.

பென்சில் தட்டுவது நின்றுவிட்டது. பின்னிக்கொண்டிருந்தவள் ஊசியை மடியில் வைத்துவிட்டாள். இருபத்து மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பங்காளி, பெரியப்பா, காப்பு, புதன்கிழமை, ஒன்றும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

"ஆமாம்" என்றேன். "கேட்க வேண்டியிருந்தது."

"கிடைத்ததா?"

"இல்லை" என்றேன். "வடை போடச் சொன்னார்கள். போட்டாள்."